விண்டோஸில் யூனிக்ஸ் கட்டளைகள் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கிரெப், செட், ஆக், ஃபைண்ட், சார்ட் போன்ற யூனிக்ஸ் கட்டளைகள் (உரையையும் கோப்பையும் தேட, மாற்ற, வரிசைப்படுத்த உதவும் சிறு நிரல்கள்) எல்லாமே விண்டோஸிலும் நன்றாக ஓடும். ஓடாமல் போனால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். நீங்கள் நினைக்கும் நிரலுக்குப் பதில் அதே பெயரில் வேறொன்று ஓடுகிறது. அல்லது பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்ட பிரதி ஒன்று ஓடுகிறது. தேடுபொறியில் முதலில் கண்ணில் பட்ட எக்ஸி கோப்பை இறக்கிப் போடும் பழக்கம்தான் இரண்டுக்கும் வேர்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு கட்டளைகள்

"வேர்.எக்ஸி சார்ட்" என்று தட்டுங்கள். பாத் பட்டியலில் (நிரல்களை விண்டோஸ் தேடிப் பார்க்கும் ஃபோல்டர்களின் வரிசை) அந்தப் பெயரில் இருக்கும் எல்லா நிரல்களும் வரிசையாக வரும். மேலே இருப்பதுதான் ஓடும். விண்டோஸோடு வரும் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ".எக்ஸி" என்பதை விட்டுவிடாதீர்கள். அங்கே வெறும் "வேர்" என்பது வேறொரு உள்கட்டளையின் சுருக்கப்பெயர், பதிலே வராது.

அடுத்து "சார்ட் --வெர்ஷன்". பதிப்பு எண் வராமல், கோப்பு கிடைக்கவில்லை என்று சொன்னால் அது விண்டோஸின் சொந்த சார்ட். க்னூ கோர்யூட்டில்ஸ் (சார்ட், எல்எஸ் போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) 5.3.0 என்று வந்தால் அது 2005ஆம் ஆண்டின் சரக்கு, உடனே மாற்றுங்கள். 8.32 என்று வந்தால் பயப்பட வேண்டாம்: அது 2020இல் வந்தது, விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளைத் தரும் எம்எஸ்ஒய்எஸ்2 தொகுப்பும் அதன்மேல் கட்டிய கிட் ஃபார் விண்டோஸும் (கிட் என்ற மூலநிரல் மேலாண்மைக் கருவியின் விண்டோஸ் பதிப்பு) நெடுநாள் அதையே தந்தன. 9 என்று தொடங்கினால் 2021இலோ அதற்குப் பிறகோ வந்தது.

அறிகுறி: ஃபைண்ட் தட்டினால் "பாராமீட்டர் ஃபார்மட் நாட் கரெக்ட்"

சி:\விண்டோஸ்\சிஸ்டம்32 ஃபோல்டரில் விண்டோஸுக்கே உரிய ஃபைண்ட் ஒன்று இருக்கிறது. அது கோப்புக்குள் சொல்லைத் தேடும். யூனிக்ஸ் ஃபைண்ட் கோப்பையே தேடும். சார்ட், டைம்அவுட் இரண்டுக்கும் இதே பெயர் மோதல் உண்டு.

பலர் பயனர் பாத்தின் உச்சியில் யூனிக்ஸ் ஃபோல்டரைச் சேர்த்துவிட்டு "அப்படியும் வேலை செய்யவில்லை" என்பார்கள். செய்யாது. விண்டோஸ் முதலில் சிஸ்டம் பாத்தை எடுத்து, பயனர் பாத்தை அதன் வாலில் ஒட்டும். பயனர் பாத்தில் எங்கே போட்டாலும் சிஸ்டம்32க்குப் பின்னால்தான் வரும்.

அதற்காகச் சிஸ்டம் பாத்தின் தலையில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். அச்சுப்பொறி டிரைவர் முதல் அலுவலக மென்பொருள் வரை பல நிறுவல் ஸ்கிரிப்டுகள் விண்டோஸின் ஃபைண்டை நம்பி எழுதப்பட்டவை. அவை ஓசையில்லாமல் உடையும். கிட் ஃபார் விண்டோஸ் நிறுவும்போது வரும் மூன்று பாத் தேர்வுகளில் கடைசித் தேர்வுக்குக் கீழே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை இருப்பதும் இதனால்தான். நடுத் தேர்வே போதும்.

சரியான வழி: யூனிக்ஸ் வேலையை யூனிக்ஸ் ஷெல்லிலேயே (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) செய்வது. கிட் பாஷ் (கிட் ஃபார் விண்டோஸோடு வரும் ஷெல்), எம்எஸ்ஒய்எஸ்2, அதைப் போன்ற இன்னொரு தொகுப்பான சிக்வின் எதைத் திறந்தாலும் அந்தச் சாளரத்துக்குள் மட்டும் அவற்றின் ஃபோல்டர் பாத்தின் முன்னால் வரும். வெளியே எதுவும் மாறாது.

அறிகுறி: "எல்எஸ் -எல்ஏ", "ஆர்எம் -ஆர்எஃப்" தட்டினால் அப்படி ஒரு பாராமீட்டரே இல்லை என்கிறது

நீங்கள் பவர்ஷெல்லில் இருக்கிறீர்கள். எல்எஸ், கேட், சிபி, எம்வி, ஆர்எம், சார்ட், டீ ஆகியவை அங்கே சுருக்கப்பெயர்கள். பெயர்தான் யூனிக்ஸ், உள்ளே ஓடுவது பவர்ஷெல் கட்டளை. விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பில் கர்ல், டபிள்யூகெட் (இணையத்திலிருந்து இறக்கும் கட்டளைகள்) இரண்டும்கூட இப்படித்தான். பவர்ஷெல் 7இல் அந்த இரண்டை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

"எல்எஸ்.எக்ஸி", "கர்ல்.எக்ஸி" என்று நீட்டியே தட்டினால் சுருக்கப்பெயர் குறுக்கே வராது. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து கர்லும் டாரும் சிஸ்டம்32இலேயே இருக்கின்றன, தனியாக இறக்க வேண்டியதில்லை. ஆனால் "சார்ட்.எக்ஸி" என்று தட்டினால் போன அறிகுறியில் பார்த்த விண்டோஸ் சார்ட்டிடம் போய் மாட்டுவீர்கள்.

அறிகுறி: பாஷ் தட்டினால் "லினக்ஸ் விநியோகம் எதுவும் நிறுவப்படவில்லை" என்கிறது

சிஸ்டம்32இல் இருக்கும் பாஷ், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல்-ஐத் தொடங்கும் கதவு மட்டுமே. உங்களுக்கு வேண்டியது கிட் பாஷ் என்றால் முழு முகவரியையும் கொடுங்கள், அல்லது விண்டோஸ் டெர்மினலில் அதற்கென ஒரு புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "இன்வேலிட் ஆப்ஷன்", இணையத்தில் கண்ட உதாரணம் ஓடவில்லை

"டியூ -எச் | சார்ட் -எச்" என்பது எல்லோரும் சொல்லித்தரும் வரி. 2009இல் வந்த கோர்யூட்டில்ஸ் 7.5இல்தான் சார்ட்டுக்கு அந்த "-எச்" கிடைத்தது. 5.3.0 வைத்திருப்பவருக்கு அது அந்நியம். இதே வகையில், மென்பொருளைக் கட்டும் கருவியான மேக்கின் கோப்பில் ".ஒன்ஷெல்" எழுதியும் ஒவ்வொரு வரியும் தனித்தனி ஷெல்லில் ஓடினால் உங்களிடம் இருப்பது மேக் 3.81. அந்த வசதி 2010இல் 3.82உடன் வந்தது, பழைய மேக் பிழைகூடச் சொல்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும்.

இந்தப் பழைய பிரதிகள் பெரும்பாலும் க்னூவின்32, அன்எக்ஸ்யூடில்ஸ் ஆகிய திட்டங்களிலிருந்து வந்தவை. தம் காலத்தில் பெரும் சேவை செய்தவை. இன்று ஆளில்லா வீடுகள். இவற்றை அடையாளம் காட்டும் இன்னும் இரண்டு கோளாறுகள் உண்டு. "செட் -ஐ" ஓட்டிய ஃபோல்டரில் "செட்" என்று தொடங்கி ஆறு குளறுபடி எழுத்துகளோடு முடியும், நீக்கவும் முரண்டுபிடிக்கும் கோப்புகள் குவிந்தால் அது க்னூவின்32 செட் 4.2.1. தற்காலிகக் கோப்பை உருவாக்கிவிட்டு நீக்காமல் விடுவது அதன் பழுது. டபிள்யூகெட் எந்த எச்டிடிபிஎஸ் முகவரிக்குப் போனாலும் "எஸ்எஸ்எல் இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை" என்றால் அது 1.11.4. அதனோடு வரும் ஓபன்எஸ்எஸ்எல் 0.9.8க்கு டிஎல்எஸ் 1.2 (இணைப்பைப் பாதுகாக்கும் நெறிமுறை) தெரியாது, அது ஓபன்எஸ்எஸ்எல்-க்கு 2012இல்தான் வந்தது. இன்றைய சர்வர்கள் அதற்குக் கீழே இறங்கிப் பேசுவதில்லை. சான்றிதழ் சோதனையை அணைத்துவிடும் ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். நோய் அங்கே இல்லை, பாதுகாப்பு மட்டும் போகும்.

எதை எடுப்பது?

நிரலை ஒவ்வொன்றாகத் தேடாதீர்கள். தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒரு தொகுப்பைத் தேடுங்கள். நாம் பார்ப்பவை: கடந்த ஓராண்டுக்குள் வெளியீடு வந்திருக்கிறதா, புதுப்பிக்க ஒரு கட்டளை இருக்கிறதா, எந்த மூலநிரலிலிருந்து எப்படிக் கட்டினார்கள் என்பது வெளிப்படையாக இருக்கிறதா, 64 பிட்டா, தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திறக்கிறதா. பதிவிறக்க எண்ணிக்கை எதையும் சொல்லாது. செத்த தொகுப்புகளும் அமோகமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

கிட்டை ஏற்கெனவே பயன்படுத்துபவருக்கு கிட் ஃபார் விண்டோஸே அன்றாட வேலைக்குப் போதும். பாஷ், கிரெப், செட், ஆக், ஃபைண்ட் எல்லாம் அதில் உண்டு. ஆர்சிங்க் (கோப்புகளை ஒத்திசைக்கும் கருவி), டபிள்யூகெட், மேக் கிடையாது. "கிட் அப்டேட்-கிட்-ஃபார்-விண்டோஸ்" என்ற கட்டளை புதுப்பித்துவிடும். அதில் இல்லாதவை வேண்டுமென்றால் எம்எஸ்ஒய்எஸ்2. பேக்மேன் என்ற தொகுப்பு மேலாளரோடு வருவதால், பெரும்பாலானோருக்கு நம் பரிந்துரை இதுதான்.

சிக்வின் 1995இல் சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்கி இன்றும் உயிரோடு இருக்கிறது. கோப்பு உரிமைகள், குறியீட்டு இணைப்புகள், பின்னணிச் சேவைகள் என்று யூனிக்ஸின் நடத்தை முழுசாக வேண்டுமென்றால் அது. 3.4 முதல் 32 பிட்டை விட்டுவிட்டார்கள், 3.5 முதல் விண்டோஸ் 7, 8ஐயும். பழைய கணினிக்கு இதை முன்கூட்டிப் பாருங்கள். பென்டிரைவில் எடுத்துப்போக ஒரே கோப்பு வேண்டுமென்றால் பிஸிபாக்ஸ்-டபிள்யூ32: நிறுவலே இல்லை, ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு, ஆனால் ஒவ்வொரு கட்டளையிலும் ஆப்ஷன்கள் குறைவு. ரஸ்டில் எழுதப்பட்ட யூயூட்டில்ஸ் கோர்யூட்டில்ஸ் இடையில் எந்தப் பாலமும் இல்லாமல் நேரடியாக விண்டோஸில் ஓடுகிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 அதையே இயல்பாக எடுத்துக்கொண்டது. கவனித்து வர வேண்டிய திட்டம். கிரெப்பும் செட்டும் கோர்யூட்டில்ஸில் அடங்காது என்பதால் அது மட்டும் போதாது.

அறிகுறி: "ஷேர்ட் மெமரி வெர்ஷன் மிஸ்மேட்ச்", ஃபோர்க் தோல்வி

இது ஒரே கணினியில் பல தொகுப்புகளைக் கலப்பதால் வருவது. சிக்வினின் ஒவ்வொரு நிரலும் சிக்வின்1.டிஎல்எல் என்ற பொது நூலகக் கோப்பின் மேல் நிற்கிறது, எம்எஸ்ஒய்எஸ்2க்கு எம்எஸ்ஒய்எஸ்-2.0.டிஎல்எல். எங்கிருந்தோ இறக்கிய ஒரு ஆர்சிங்க் தன்னோடு பழைய டிஎல்எல் ஒன்றையும் கொண்டுவந்து பாத்தில் உட்கார்ந்துகொண்டால் இரண்டும் மோதும். "வேர்.எக்ஸி /ஆர் சி:\ சிக்வின்1.டிஎல்எல்" என்று தேடுங்கள். சிக்வினின் பின் ஃபோல்டரில் உள்ளது மட்டும் இருக்கட்டும். மற்றவற்றை அவற்றோடு வந்த நிரலையும் சேர்த்து நீக்குங்கள். எம்எஸ்ஒய்எஸ்2இலிருந்து ஒரு எக்ஸியை எடுத்து கிட் ஃபோல்டரில் ஒட்டும் குறுக்குவழியும் கடைசியில் இங்கேதான் கொண்டுவந்து விடும்.

டிஎல்எல் ஒன்றே ஒன்றுதான், ஆனாலும் "ஃபோர்க்: ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவெய்லபிள்" வருகிறதா? விண்டோஸில் ஃபோர்க் (ஓடும் நிரல் தன்னையே நகலெடுத்துக்கொள்வது) என்ற வசதியே கிடையாது. சிக்வின் அதைப் பாவனை செய்கிறது: புதிய செயலாக்கம் ஒன்றைத் தொடங்கி, தாய்ச் செயலாக்கத்தின் நினைவகத்தை அதற்குள் நகலெடுக்கிறது. அதற்கு எல்லா டிஎல்எல்-களும் இரண்டு இடத்திலும் ஒரே முகவரியில் அமர வேண்டும். ஆன்ட்டிவைரஸ் தன் டிஎல்எல்-ஐ உள்ளே நுழைத்தாலோ, விண்டோஸ் பாதுகாப்பில் "கட்டாய ஏஎஸ்எல்ஆர்" (நினைவக முகவரிகளை மாற்றி மாற்றி வைக்கும் பாதுகாப்பு) இயக்கப்பட்டிருந்தாலோ அந்த முகவரி கலைந்துவிடும். எக்ஸ்ப்ளாய்ட் புரொடெக்ஷன் பக்கத்தில் அந்த அமைப்பைப் பாருங்கள். இயல்பில் அது அணைந்திருக்கும். அலுவலகக் கணினியில் நிர்வாகி இயக்கியிருந்தால் கிட் அல்லது சிக்வினின் நிரல்களுக்கு மட்டும் விலக்கு கேளுங்கள், முழுவதையும் அணைக்கச் சொல்லாதீர்கள். சிக்வினில் இன்னொரு வேலை பாக்கி: "ரீபேஸ்-ட்ரிகர் ஃபுல்" என்று தட்டி, எல்லாச் சிக்வின் சாளரங்களையும் மூடிவிட்டு, செட்டப் நிரலை மறுபடி ஓட்டுங்கள்.

அறிகுறி: பேக்மேன் கையொப்பத்தை நம்ப மறுக்கிறது

நெடுநாள் புதுப்பிக்காத எம்எஸ்ஒய்எஸ்2இல் வரும். "பேக்மேன்-கீ --இனிட்", பிறகு "பேக்மேன்-கீ --பாப்புலேட் எம்எஸ்ஒய்எஸ்2", பிறகு "பேக்மேன் -எஸ்ஒய்யூ" (இதில் எஸ் மட்டும் பெரிய எழுத்து). முதல் சுற்றில் அடிப்படைத் தொகுப்புகள் மாறியதும் சாளரம் மூடிக்கொள்ளும். அது பிழை அல்ல, திறந்து மறுபடி ஓட்டுங்கள். பல ஆண்டு பழையதென்றால் புதிதாக நிறுவுவதே சீக்கிரம் முடியும். நிறுவும் ஃபோல்டரின் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம். அது தரும் இயல்பான முகவரி, அதாவது சி டிரைவின் கீழே எம்எஸ்ஒய்எஸ்64, அப்படியே இருக்கட்டும்.

அறிகுறி: "/எஃப்" என்று கொடுத்தது "எஃப்:/" ஆகிவிடுகிறது

கிட் பாஷில் "டாஸ்க்கில் /எஃப் /ஐஎம் நோட்பேட்.எக்ஸி" தட்டிப் பாருங்கள், "எஃப்:/" தவறான ஆப்ஷன் என்று திட்டும். சாய்கோட்டில் தொடங்கும் எதையும் யூனிக்ஸ் முகவரி என்று எண்ணி விண்டோஸ் முகவரியாக மாற்றித் தருவது எம்எஸ்ஒய்எஸ்2இன் வழக்கம். டாக்கரிலும், ஆண்ட்ராய்டு ஃபோனோடு பேசும் ஏடிபியிலும் "/எஸ்டிகார்டு" போன்று கொடுத்த முகவரி கிட் நிறுவிய ஃபோல்டருக்குள் போய்விடுவதும் இதே காரணத்தால்தான். ஒரு தடவைக்கு "//எஃப்" என்று இரட்டைச் சாய்கோடு போடலாம். கட்டளை முழுவதற்கும் வேண்டாமென்றால், கிட் பாஷில் "எம்எஸ்ஒய்எஸ்_நோ_பாத்கான்வ்=1" என்பதை (பெரிய எழுத்தில்) கட்டளையின் முன்னால் சேருங்கள். இதை நிரந்தரமாக வைத்துவிடாதீர்கள், அந்த மாற்றத்தை நம்பும் வேறு கட்டளைகள் நின்றுபோகும்.

அறிகுறி: ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே "பேட் இன்டர்பிரட்டர்", அல்லது "\ஆர்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்"

கோப்பின் வரி முடிவுகள் விண்டோஸ் வகை. "கேட் -ஏ" (பெரிய எழுத்து) போட்டால் ஒவ்வொரு வரி முடிவிலும் "^எம்$" தெரியும். "டாஸ்2யூனிக்ஸ்" ஓட்டினால் போய்விடும், ஆனால் கிட் மறுபடி கொண்டுவரும். களஞ்சியத்தில் ".கிட்அட்ரிபியூட்ஸ்" கோப்பு வைத்து, எஸ்எச் கோப்புகளுக்கு "டெக்ஸ்ட் ஈஓஎல்=எல்எஃப்" என்று எழுதுங்கள். கிரெப்பில் வரிக்கடைசியைக் குறிக்கும் டாலர் குறி எதையும் பிடிக்காமல் போவதும் இதனால்தான்.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாகின்றன

விண்டோஸில் தமிழுக்கென்று பழைய ஆன்சி குறிப்பக்கமே (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணை) கிடையாது, யூனிகோட் மட்டும்தான். ஆன்சி வழியாகக் கோப்பைத் திறக்கும் பழைய நிரல்களுக்கு "வரவு.டிஎக்ஸ்டி" என்பது நான்கு கேள்விக்குறிகள், கோப்பு கண்ணில் பட்டாலும் திறக்காது. க்னூவின்32ஐக் கைவிட இது ஒன்றே போதுமான காரணம். பிஸிபாக்ஸ்-டபிள்யூ32 எடுத்தால் பெயரில் "64யூ" உள்ள யூனிகோட் பதிப்பை எடுங்கள்.

கோப்புப் பெயர் சரியாக வந்தும் உள்ளே இருக்கும் எழுத்து கெடுகிறதென்றால் எங்கே கெடுகிறது என்பதை ஒரு சொல்லை வைத்தே கண்டுபிடிக்கலாம். "தமிழ்" என்ற சொல்லைப் புதுவரி இல்லாமல் "பிரிண்ட்எஃப்" வழியாக "டபிள்யூசி -சி"க்கு அனுப்புங்கள். 15 வர வேண்டும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். "டபிள்யூசி -எம்" 5 தர வேண்டும். அதுவும் 15 தந்தால் ஷெல்லின் லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) யூடிஎஃப்-8 அல்ல, "எல்சி_ஆல்" மாறியில் "சி.யூடிஎஃப்-8" வையுங்கள். பவர்ஷெல் 5.1இலிருந்து அதே சொல்லை "டபிள்யூசி -சி"க்குக் குழாய் வழியே அனுப்பினால் 7 வரும்: ஐந்து கேள்விக்குறி, இரண்டு பைட் வரிமுடிவு. அந்தப் பதிப்பு வெளி நிரலுக்கு அனுப்பும் எதையும் ஆஸ்கியாக மாற்றிவிடுகிறது. "$அவுட்புட்என்கோடிங்" மாறியை பாம் (தொடக்கத்தில் வரும் அடையாள பைட்டுகள்) இல்லாத யூடிஎஃப்-8க்கு மாற்றலாம். பவர்ஷெல் 7க்கு மாறுவது இன்னும் நல்லது.

அதே 5.1, ">" குறியால் கோப்பில் எழுதும்போது யூடிஎஃப்-16இல் எழுதுகிறது. கண்ணெதிரே இருக்கும் சொல்லைக் கிரெப் இல்லை என்றால் "ஃபைல்" கட்டளையால் அந்தக் கோப்பைச் சோதியுங்கள். யூடிஎஃப்-16 என்று வந்தால் "ஐகான்வ் -எஃப் யூடிஎஃப்-16 -டி யூடிஎஃப்-8" வழியாக மாற்றுங்கள்.

டெர்மினல் சாளரத்தில் கொம்பும் புள்ளியும் விலகித் தெரிவது மட்டும்தான் பிரச்சினை என்றால் எதையும் மாற்றாதீர்கள். வெளியீட்டைப் பாஷிலிருந்து கோப்பில் எழுதி நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் தரவு சரி, வரைவது மட்டும்தான் கோளாறு. சார்ட் தரும் வரிசையில் ரகரத்துக்கு அடுத்து றகரமும், நகரத்துக்கு அடுத்து னகரமும் வந்தால் அதுவும் பழுதல்ல. யூனிகோட் எண் வரிசை அப்படித்தான் இருக்கிறது.

அறிகுறி: டபிள்யூஎஸ்எல்-இல் எல்லாம் சரி, ஆனால் ஆமை வேகம்

ப்ராஜெக்ட் "/எம்என்டி/சி" கீழே இருக்கிறது. டபிள்யூஎஸ்எல் 2 ஒரு மெய்நிகர் கணினி. விண்டோஸ் டிரைவைத் தொடும் ஒவ்வொரு முறையும் 9பி என்ற நெறிமுறை வழியே எல்லை தாண்டிப் போய்வருகிறது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொடும் கிட் ஸ்டேட்டஸ், ஃபைண்ட் போன்றவை இதில் நொண்டும். ப்ராஜெக்டை லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். எக்ஸ்புளோரரில் "\\டபிள்யூஎஸ்எல்$" என்ற முகவரியில் அதைப் பார்க்கலாம். கோப்புகள் விண்டோஸ் பக்கமே இருந்தாக வேண்டுமென்றால் அந்த வேலைக்கு டபிள்யூஎஸ்எல்-ஐ விட எம்எஸ்ஒய்எஸ்2 பொருத்தம்.

டபிள்யூஎஸ்எல் தொடங்கும்போதே 0x80370102 என்று நின்றுவிட்டால் பெரும்பாலும் பயோஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில், சிபியூ பகுதியில் அதன் நிலை தெரியும்.